பெட்டி எங்கே, அண்ணி?

கொலோன் நகரத்து ஆஸ்பத்திரியில் எனக்கு மூத்த நர்ஸ் ஹெல்கா. அவருடைய தங்கை ஹம்பர்க்கிலிருந்து வந்தால், அக்கா வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்க, தெருமுனையில் உள்ள பென்சியோன் என்னும் சின்ன விடுதியில் காசு கொடுத்துத் தங்குவார். முதல் தடவை பார்த்தபோது, உங்களுக்குள் ஏதாவது மனஸ்தாபமா என்று ஹெல்காவிடம் கேட்டுவிட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. மனஸ்தாபம் வரக்கூடாது என்றுதானே அங்கே தங்குகிறாள் என்றார்.

எங்கே தங்குவது என்பதை இந்த நாட்டில்தான் கற்றுக்கொண்டேன். வந்த புதிதில் கை வறண்டிருந்தபோது, இளைஞர் விடுதியில் எட்டுப் பெண்களோடு அடுக்குக் கட்டிலில் படுத்து ரைன் நதிக்கரை ஊர்களைப் பார்த்தேன். சம்பளம் கூடியதும் பென்சியோன். அங்கே வீட்டுக்கார அம்மாள் அவித்த முட்டை ஆறாமலிருக்க அதற்கொரு கம்பளித் தொப்பி போட்டு வைப்பார். கல்யாணத்துக்குப் பிறகு, கணவர் யோஹான் புண்ணியத்தில் பெரிய ஹோட்டலும் பார்த்தாயிற்று. எங்கும் முன்பின் தெரியாத யாரோ எனக்காக வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார்கள். அவர்களை நன்றியோடுதான் நினைக்கிறேன். எது நல்லது என்று கேட்டால் பென்சியோனைத்தான் சொல்வேன். செலவும் குறைவு, யாருக்கும் பாரமில்லை.

அந்தப் படிப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்ததுதான் நான் செய்த பிழை. ஒரகடத்துக்குப் பக்கத்தில் தம்பி அந்தோணியின் வீடு ஒரே அறையும் சமையல்கட்டும்தான். அவர்களே நாலு பேர். நாங்கள் குழந்தையோடு மூன்று பேர் போய் அவர்களை வாசலில் படுக்கவைக்க வேண்டாம் என்று செங்கல்பட்டில் ஒரு லாட்ஜில் இறங்கினோம். மெட்ராஸில் பெரிய ஹோட்டல் எடுத்தால் பவிசு காட்டுவதாகப் பேச்சு வரும். லாட்ஜ் என்றால் நடுவாந்தரம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். பெட்டிகளை அங்கேயே வைத்துவிட்டு, பழமும் பிஸ்கட்டும் மட்டும் எடுத்துக்கொண்டு மறுநாள் காலை தம்பி வீட்டுக்குப் போனோம்.

வாசலுக்கு ஓடிவந்த தம்பி மனைவி மேரி என் கைகளைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"பொட்டி எங்க, அண்ணி?"

எங்கள் பக்கத்தில் பெட்டி இறங்கும் வீடுதான் தங்கும் வீடு. பிறந்த வீட்டுக்குப் பெட்டியில்லாமல் வருகிறவள் உறவை முறித்துக்கொள்ள வந்தவள். இது தெரிந்தே வளர்ந்தவள் நான். லாட்ஜ் என்று சொன்னதும் மேரி உள்ளே போய்விட்டாள்.

உள்ளே புதுக் கட்டில் ஒன்று கிடந்தது. அறையில் பாதியை அதுவே அடைத்திருந்தது. அவ்வளவு நீளக் கட்டிலை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. போன கடிதத்தில் மாமா எவ்வளவு உயரம் என்று தம்பி கேட்டிருந்தான். வேட்டி எடுக்கக் கேட்கிறான் என்று நினைத்துச் சென்டிமீட்டரில் எழுதியிருந்தேன். அதை ஆசாரியிடம் கொடுத்துச் செய்யச் சொல்லியிருக்கிறான். யோஹான் உட்கார்ந்து பார்த்தார், பிறகு படுத்துப் பார்த்தார். கால் வெளியே நீட்டவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்க வூட்ல எடம் இல்லன்னு நீயே முடிவு பண்ட்டியாக்கா?" என்றான் தம்பி. "நாங்க பக்கத்து வூட்ல படுத்துக்க மாட்டமா?"

சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் அவனையே கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் பிடித்து லாட்ஜுக்குப் போனேன். மேனேஜர் பெரிய பதிவேட்டைத் திருப்பி வைத்து, போகும் இடத்தை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். வீடு என்று எழுதினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரிசை முழுவதையும் படித்தார்.

"நிரந்தர விலாசம் ஜெர்மனின்னு போட்டிருக்கீங்க. இங்க வீடுன்னு எழுதுறீங்க. ரெண்டுல ஒண்ண அடிச்சிடுங்கம்மா."

தம்பி பெரிய பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு பாதிப் படி இறங்கிவிட்டான். நான் எதையும் அடிக்கவில்லை.