திங்கட்கிழமை வரை வாய் திறக்கக் கூடாது

ஜமீலா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் கம்பெனி வாசலில், மண் இறக்க வந்த லாரிக்கு முன்னால் நின்றிருந்தேன். போனில் அவருடைய மகள் நஸ்ரின். "ஆன்ட்டி, அம்மா மவுத்தாயிட்டாங்க" என்றாள். எனக்கு அழுகைகூட உடனே வரவில்லை. 'ஐயோ, அந்தப் பந்தயத்தைப் பார்க்காமலேயே போய்விட்டாரே' என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. பல நாள் அந்த நினைப்பு என்னைத் தூங்க விடவில்லை. இப்போது தூங்குகிறேன். இதை எழுத முடிவதும் அதனால்தான்.

விருத்தாசலத்தில், பீங்கான் கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து, கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, நேராக டீ கேட்பவர். அவருக்கும் எனக்கும் சோதனைக்கூடத்தில் ஒரே மேஜை. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு என்ன பார்த்தோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. சீரியல் என்றே நினைத்திருப்பீர்கள். நாங்கள் பார்த்தது சைக்ளோகிராஸ்.

குளிர்காலத்தில் ஐரோப்பாவில் நடக்கிற சைக்கிள் பந்தயம் அது; நாங்கள் பார்த்தது பெண்கள் ஓட்டுவதை. ரோட்டில் ஓட்ட மாட்டார்கள். சேறு, மணல், மேடு, படிக்கட்டு என்று ஒரு சின்ன வட்டத்தையே திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். நஸ்ரின் ஒருநாள், ஆட்கள் வரிசையாகச் சேற்றில் விழுகிற வீடியோவைச் சிரிப்பதற்காக அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அக்கா சிரிக்கவில்லை. "முழுசா எங்க இருக்குது?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் அதே வீடியோவை எனக்குக் காட்டினார். நானும் அதில் விழுந்தேன்.

அதில் என்ன இருக்கிறது என்று என் கணவர் இன்றும் கேட்பதுண்டு. அக்காவிடம் கேட்டால் இப்படிச் சொல்வார்: "கிரிக்கெட்டு மாதிரி நாளு பூரா ஒக்கார வேணாம். ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடுது. அதுக்குள்ள எத்தினி பேரு வுழறாங்க, எத்தினி பேரு ஏந்திரிக்கறாங்க. வுழுந்தவ எவளாச்சும் ஒக்காந்து அழுவறாளா பாரு. மொதல்ல சைக்கிள தூக்கறா, அப்புறந்தான் முட்டியப் பாக்கறா." கடைசியாக வருகிறவளையும் வேலிக்கு வெளியே நிற்கும் கூட்டம் பேர் சொல்லிக் கத்தி அனுப்புவதில் அவருக்குத் தனி சந்தோஷம்.

எங்களுக்கு ஒரு கர்வமும் இருந்தது. நாள் முழுக்க மண்ணின் ஈரம் பார்க்கிறவர்கள் நாங்கள். பந்தயத் தடத்தைப் பார்த்ததுமே, "இது களி, ஒட்டும், வெயிட்டு கொறஞ்சவதான் ஜெயிப்பா" என்று அக்கா தீர்ப்பு சொல்வார். நான் அதற்கு எதிராக ஒன்று சொல்வேன். இரண்டும் தப்பாகவே போகும். அந்த ஊர்ச் சேறு பாதி பனிக்கட்டி என்பது எங்கள் மண்டையில் ஏறவே இல்லை. "அந்த ஊரு மண்ணு நம்ம பேச்சக் கேக்காது செல்வி" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் அக்கா தீர்ப்பு சொல்வார்.

பந்தயம் நமக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரும். அந்த நேரத்தில் அக்கா வீட்டில் உறவுக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். நான் நேரலையில் பார்ப்பேன். அவர் திங்கள் மதியம் பார்ப்பார். அதுவரை நான் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அக்கா என் முகத்தைப் பார்த்தே முடிவைக் கண்டுபிடித்துவிடுவார். ஒருமுறை கோபித்துக்கொண்டு சாப்பிடவே இல்லை. அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் மதியம் வரை நான் தூசி மாஸ்க்கைக் கழற்றியதில்லை. மாஸ்க் போடாத உங்களுக்கெல்லாம் சூப்பர்வைசர் என்னை உதாரணம் காட்டித் திட்டியது இப்படித்தான். அதற்காக இப்போது மன்னியுங்கள்.

எங்கள் ஆள் பச்சை ஹெல்மெட் போட்ட ஒரு பெண். எப்போதும் இரண்டாவது, மூன்றாவது. ஜெயித்ததே இல்லை. அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டு, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னால் வந்தாள். கடைசி வளைவில் வழுக்கி விழுந்தாள், சங்கிலி கழன்றது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியே கோட்டைத் தாண்டினாள். முதலிடம். நான் வீட்டில் தனியாக நின்று கைதட்டினேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மாஸ்க்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா இளைத்துப் போயிருந்தார். கையைப் பிடித்தேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அவர் கண்ணைத் திறந்து, "சொல்லாத. நாளைக்கு நஸ்ரினு போன்ல பாக்கறேன்" என்றார். நானும் சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு வீடு திரும்பினேன். மறுநாள்தான் அந்த போன் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று என்னை நானே எவ்வளவு திட்டிக்கொண்டேன் என்பதற்குக் கணக்கில்லை.

போன வெள்ளிக்கிழமை மங்கலம்பேட்டைக்குப் போயிருந்தேன். நஸ்ரின் டீ கொடுத்தாள். தாங்க முடியாமல் அவளிடம் சொல்லிவிட்டேன். "உங்க அம்மா அதப் பாக்காமலே பூட்டாங்களேம்மா. நானாவது சொல்லியிருக்கணும்."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "பாத்துட்டாங்களே ஆன்ட்டி. நீங்க வந்தீங்களே, அன்னிக்கு காலையிலியே நாங்க ரெண்டு பேரும் பாத்துட்டோம். அந்தப் பொண்ணு தூக்கிக்கினு ஓடும்போது அம்மா 'ஓடுடீ, ஓடுடீ'ன்றாங்க. நர்ஸு வந்து திட்டிட்டுப் போனாங்க."

பிறகு ஏன் நாளைக்குப் பார்க்கிறேன் என்றார் என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் கேட்டேன் ஆன்ட்டி. 'நாளைக்குப் பாக்க எனக்கு ஒண்ணு இருக்குதுன்னு அவ நெனச்சிக்கினு போவட்டும். இல்லன்னா பஸ்ஸு பூரா அழுதுக்கினே போவா'ன்னாங்க."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நஸ்ரினும் அழுதாள். நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. அன்றைக்குப் பாண்டிச்சேரியிலிருந்து திரும்பும்போது நான் அழவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஜன்னலோர இடம் கிடைத்தது. பண்ருட்டியில் வேர்க்கடலை வாங்கிச் சாப்பிட்டேன். அக்கா தேறிவிடுவார் என்ற நம்பிக்கையோடு நெய்வேலி தாண்டும் வரை நன்றாகத் தூங்கியும் விட்டேன்.

அக்காவின் நினைவாக நான் எதை வைத்திருக்கிறேன் என்று கேட்டால், அந்தத் தூக்கத்தைத்தான் சொல்வேன். உயிர் போகிற நேரத்திலும் யோசித்து, ஒரு பொய் சொல்லி, அவர் எனக்குக் கொடுத்து அனுப்பியது அது.