பேசிக்கொண்டே ஓடும் வேகம்

ஓடி ஓடித்தான் என் அக்கா செத்தாள் என்று எங்கள் சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் பேசும். துக்கத்துக்கு வந்த இடத்திலேயே ஒரு சித்தி, "பொம்பளைக்கு இந்த வயசுல எதுக்குடி ஓட்டம்?" என்று என் காது படவே கேட்டாள். அழுகிற வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர்களுக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்குப் பள்ளி பஸ் ஓட்டுகிற வேலை. ஒவ்வொரு முனையிலும் நின்று, ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை ஊரவிட்டு, பின்னால் வருகிறவன் எத்தனை ஹாரன் அடித்தாலும் அசராமல் ஓட்டுவாள். ஸ்டியரிங்கை விட்டு இறங்கினால் மட்டும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள்தான். "நாள் பூரா ஊர்ந்துகிட்டே இருக்கேன்டி. காலையில கொஞ்ச நேரமாவது என் இஷ்டத்துக்குப் போறேனே" என்பாள்.

மகளுக்கு வேலை கிடைத்து வெளியூர் போன வருஷம்தான் ஓட ஆரம்பித்தாள். வீட்டில் அவளும் மாமாவும் மட்டும். மாமா லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷர், ஆனால் பேசினால் முத்து உதிர்ந்துவிடும். அந்த வீட்டில் மிக்ஸி ஓடினால்தான் சத்தம் என்று நான் கேலி செய்வேன். அக்கா சிரிப்பாள். அது அவளுக்குச் சிரிப்பான விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பூங்காவில் ஓடுகிற குழு ஒன்றில் சேர்ந்தாள். ஒரு தடவையாவது முழு மாரத்தான் ஓடிவிட வேண்டும் என்பது ஆசை. கடுமையான ஓட்டம் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போதும், மற்ற நாளெல்லாம் லேசான ஓட்டம், நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் அதைவிட மெதுவாக, கால் தேறுவதற்காக மட்டும் ஓட வேண்டும் என்று அங்கிருந்த கோச் தலைபாடாக அடித்துக்கொண்டார். இவள் கேட்டால்தானே! முன்னால் ஒரு முதுகு தெரிந்துவிட்டால் அதைத் தாண்டாமல் விடமாட்டாள். தேற வேண்டிய நாளிலும் பந்தயம்தான். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல் விட்டது. பதிவு செய்திருந்த மாரத்தான் அன்றைக்கு என் வீட்டு ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, நாலு அறை வைக்கலாம் போலவும் இருந்தது.

எலும்பு கூடியதும் கோச் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இனிமே நான் சொல்ற வரைக்கும் லேசான ஓட்டம் மட்டும்தான். அந்த வாட்ச்சை முதல்ல கழட்டி வைங்க. நம்பரைப் பார்த்தா உங்களுக்குக் கால் நிக்காது. மூச்சை மட்டும் பாருங்க. முழுசா பேசிக்கிட்டே ஓட முடியணும். பேச்சு பாதியில நின்னா வேகத்தைக் குறைங்க. எவ்வளவு மெதுவா போனாலும் தப்பில்ல."

நல்ல யோசனைதான். அவசரக்காரி ஒருத்திக்கு இதைவிட நல்ல யோசனை சொல்லிவிட முடியாது.

பேசுவதற்குத் துணை வேண்டுமே. மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனார். முதல் நாள் அவர் கேட்டது, "கரண்ட் பில் கட்டியாச்சா?" இரண்டாவது கேள்வி அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பேச வேண்டியது கடமையாகிவிட்டதே. மெல்ல மெல்ல வாய் திறந்தார். ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டிருந்த இரண்டு பங்காளிகள் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். இவள் பஸ்ஸில் தினமும் ஒரு செருப்போடு இறங்குகிற குழந்தையைப் பற்றிச் சொன்னாள். திரும்பி வரும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வருவதை என் வீட்டு மாடியிலிருந்து பார்ப்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துப் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் மாதிரி! எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவள் பேச்சு பாதியில் நிற்க ஆரம்பித்தது. "குறை, குறை" என்பார் மாமா. குறைப்பாள். பேச்சு திரும்பி வரும். சில நாளில் அந்த வேகத்திலும் நிற்கும். மறுபடி குறைப்பாள். ஒரு கட்டத்தில் அந்த மெதுவுக்குச் சைக்கிளே நிலைகொள்ளாமல் ஆட ஆரம்பித்தது. மாமா இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். "பார்த்தீங்களா, எனக்கே பொறுமை வந்துடுச்சு" என்று பெருமைப்பட்டாள். கோச்சும், "இப்பதான் நீங்க உருப்படுவீங்க" என்று தட்டிக்கொடுத்தார். அவளை அறிந்த எல்லோரும் சந்தோஷப்பட்டோம். வேகமாகப் போகிறாள் என்றுதானே அதுவரை அவளைத் திட்டியிருக்கிறோம்? மெதுவாகப் போகிறாளே என்று யாருக்குக் கவலை வரும்?

என் வீட்டுப் படியில் ஏறும்போதும் அதே கணக்குதான். ஒவ்வொரு தளத்திலும் நின்று, கதவு திறந்திருக்கும் வீட்டில் நலம் விசாரித்துவிட்டுத்தான் மேலே வருவாள். ஒருநாள் சாக்ஸைக் கழற்றியபோது கணுக்காலில் அதன் அச்சு பள்ளமாக விழுந்திருந்தது. விரலால் அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. அவள் சொன்ன சாக்கு எதையும் கேட்காமல் மாமாவையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

"எவ்வளவு நாளா மூச்சு வாங்குது?" என்று டாக்டர் கேட்டார்.

"வாங்கவே இல்லையே டாக்டர். வாங்குற அளவுக்கு நான் போறதே இல்லையே" என்றாள் அக்கா.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். இதயத் தசை தளர்ந்து, இதயமே பெரிதாகியிருந்தது. மாதக்கணக்காக நடந்திருக்கிறது என்றார். ஓட்டத்தால் வந்தது அல்ல என்று தெளிவாகச் சொன்னார். முன்னாலேயே வந்திருந்தால் மருந்து பிடித்திருக்கும் என்பதையும் சொன்னார். நோய் ஒரு படி ஏறும்போதெல்லாம் இவள் வேகத்தில் ஒரு படி இறங்கியிருக்கிறாள். மூச்சு வாங்க விட்டிருந்தால் பயந்துபோய் அன்றைக்கே ஓடி வந்திருப்போம்.

மாமா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எட்டாவது மாடியில லிஃப்ட் பிரேக் தேய்ஞ்சா கீழே நின்னுகிட்டே சொல்லிடுவேன். இவ பக்கத்துலேயே வந்தேனேம்மா. தினமும் வந்தேனே" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மருந்து பேருக்குத்தான் வேலை செய்தது. மகள் லீவு போட்டு வந்தாள். அக்கா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே கிடந்தாள். இப்போது படுத்திருந்தும் மூச்சு வாங்கியது. ஒரு சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மாமா அவளிடம் கேட்டார்.

"உனக்கே தெரியலையா? ஒரு நாளாவது, ஏதோ சரியில்லன்னு தோணலையா?"

அக்கா அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"தோணுச்சுங்க. சொன்னா... ஓட்டத்தை நிறுத்திடுவீங்க." மூச்சு எடுத்தாள். "வீட்டுக்குள்ள... நீங்க பேச மாட்டீங்களே."

நான் மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்தேன். மாமா எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் வாயே ஓயவில்லை. கடைக்குப் போனது, மழையில் நனைந்தது, சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கியது என்று எனக்கும் தெரியாத, அவளுக்கும் தெரியாத கதைகளெல்லாம் வந்தன. அவளால் பதில் சொல்ல முடியாது. கண்ணால் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் போன அன்று காலையில் நான் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். தன் முதல் சம்பளத்தில் வாங்கிய குடையைத் தொலைத்த கதையை மாமா சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் அவர் குரல் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது. குடை எங்கே கிடைத்தது, யார் கொண்டு வந்து கொடுத்தார்கள், எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

முடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.