மார்லிஸ் போட்ட ஒற்றை நட்சத்திரம்

மார்லிஸுக்கு வயிற்றெரிச்சல் மூண்டது தபால் வண்டியைப் பார்த்துத்தான். பார்சல் எடுக்க அது தினமும் எதிர்வீட்டு கரீன் வாசலில் நின்றது. இவள் வாசலில் மறந்துகூட நிற்கவில்லை.

விஸ்கான்சினில் ஒரு சிற்றூர். மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மிச்ச நேரத்தில் நாய்களுக்கு ஸ்வெட்டர் பின்னி இணையச் சந்தையில் விற்றாள். கரீனும் அங்கே அதையேதான் விற்றாள். அவளுக்குப் பின்னக் கற்றுக்கொடுத்த புண்ணியவதியும் மார்லிஸ்தான்.

"அவகிட்ட நாய்ங்களே நேரா வந்து ஆர்டர் குடுக்குதுங்களோ என்னவோ," என்றான் கணவன் டுவேன். எப்போது வாயை மூட வேண்டும் என்று அந்த மனிதனுக்கு இன்றுவரை தெரியாது.

கடந்த இரண்டு மாதத்தில் மார்லிஸ் விற்றது ஒரே ஒரு சிவப்பு ஸ்வெட்டர். கிறிஸ்துமஸுக்குள் வியாபாரம் சூடு பிடிக்காவிட்டால் கடையை மூடுவதாக இருந்தாள். கரீனுக்கோ அறுபது பேர் கருத்து எழுதி, அறுபதும் ஐந்து நட்சத்திரம். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து ஊர்த் தங்கை பெயரில் கரீனின் ஸ்வெட்டர் ஒன்றை வாங்கினாள். சமையலறை மேசையில் வைத்துத் தையலைக் கத்தரியால் பிரித்தாள். படம் இல்லாத புகாரை யார் நம்புவார்கள்? படமும் எடுத்தாள். "ஒரே நாளில் பிரிந்துவிட்டது. என் நாய் குளிரில் நடுங்குகிறது" என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டாள். அவள் வீட்டில் இருப்பது பூனை.

கரீன் அதன் கீழேயே மன்னிப்புக் கேட்டு, புதிது அனுப்புவதாக எழுதினாள். அடுத்த வாரத்திலிருந்து தபால் வண்டி நாளுக்கு இரண்டு தடவை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் அடித்தளத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து. பாத்திரம் மாறிவிடாமலிருக்க எல்லோரும் பெயரெழுதிய டேப்பை ஒட்டியிருந்தார்கள்; மார்லிஸின் நீலப் பாத்திரத்தில் அது எப்போதுமே ஒட்டியிருக்கும். கரீன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த ஒத்த நட்சத்திரம் வந்ததுலேர்ந்து கை ஓயல மார்லிஸ். முன்னெல்லாம், அத்தனையும் அஞ்சா இருக்கே, காசு குடுத்து எழுத வச்சியான்னு கேப்பாங்க. இப்பதான் நம்பி வாங்கறாங்க."

"யாரு எழுதினாங்களாம்?" என்றாள் மார்லிஸ், கரண்டியைத் துடைத்துக்கொண்டே.

கரீன் மார்லிஸின் நீலப் பாத்திரத்தைத் திருப்பி, அதிலிருந்த டேப்பைத் தடவினாள். "படத்துல ஓரமா இது இருந்துச்சு. பேரோட."

மார்லிஸ் டேப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"விடு. உன் கடைல முன்னாடி வந்த பத்தொம்பது கருத்தும் அஞ்சு, அத்தனையும் நம்ம சர்ச் ஆளுங்க எழுதினது. வெளியாளு எப்படி நம்புவான்? நானும் உனக்கு மோசமா ஒண்ணு எழுதணும்னுதான் அந்தச் சிவப்பு ஸ்வெட்டர வேற பேர்ல வாங்கினேன். உன் பின்னல் நேர்த்தியப் பாத்து உம்மேல எனக்கும் அவ்வளவு காய்ச்சல். இழுத்து இழுத்துப் பாத்துட்டேன், சனியன் பிரியவே மாட்டேங்குது."

மார்லிஸுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. தட்டில் உருளைக்கிழங்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, இரண்டு மாதத்தில் விற்ற அந்த ஒன்றையும் வாங்கியவள் கரீன்தான் என்று.