பாடும் என்று சொன்ன மிஷின்

பொய் சொல்கிறவனை மன்னித்துவிடலாம், கதை அளக்கிறவனை மட்டும் மன்னிக்கவே கூடாது என்பது மரகதத்தின் கட்சி. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் இராஜமாணிக்கம். அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் அறுபத்தெட்டாம் வருஷம் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பீரோ பீரோவாக ஒரு கூடம் முழுக்க நிற்கிற மிஷின். அதை ஓட்டும் நாலு பேரில் இவர் ஒருவர். கேட்கவா வேண்டும்? அதற்குக் குளிர்ந்த அறை வேண்டுமாம், நூறு பேர் ஒரு மாசம் போடுகிற கணக்கை டீ ஆறுவதற்குள் போட்டுவிடுமாம். அவர்கள் குடியிருந்த மர்பி டவுனில் இந்தக் கதையைக் கேட்காத காது பாக்கி இல்லை.

எழுபத்து நாலில் ஒக்கலிபுரத்தில் அவருடைய தங்கை ருக்குவின் மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்தவர், புதிதாக ஒன்றை எடுத்து விட்டார்.

"எங்க மிஷின் இப்போ பாடுது, தெரியுமா?"

ருக்குவின் புருஷன் விடுவாரா? "வாய் எங்க மச்சான் இருக்குது அதுக்கு?"

"வாய் எதுக்கு? நான் எழுதிக் குடுத்த மாதிரி அது சுத்தும். பக்கத்துல ஒரு ரேடியோ வச்சா அதுல பாட்டுக் கேக்கும். சத்தியமா."

மரகதம் சாம்பார் வாளியோடு எதிரில் நின்றிருந்தாள். சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடிப்பது அவளுக்குத் தெரிந்தது. மானம் போனது. அந்தக் கோபத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ரேடியோ வச்சா எங்க வூட்டு அம்மிக்கல்லுகூடத்தான் பாடும்!"

பந்தியே குலுங்கிச் சிரித்தது. ஒரு பெரியவருக்குப் புரையேறிவிட்டது. இராஜமாணிக்கமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். பாயசம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் மிஷின் பேச்சையே எடுக்கவில்லை. எண்பத்து நாலில் அதை நிறுத்தி மூட்டை கட்டியபோதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொண்ணூற்று ஒன்றில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். ஆள் இருந்தவரைக்கும் அந்த மௌனம் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. போன பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. அளக்கிறவன் ஒன்றை விட்டால் இன்னொன்றைப் பிடிப்பான். இவர் ஏன் அன்றோடு நிறுத்திக்கொண்டார்? ஒருவேளை அது அளப்பு இல்லையோ? உண்மையைச் சொன்ன மனுஷனையா நாலு பேர் நடுவில் அப்படிச் சொன்னோம்? இதை யாரிடம் போய்க் கேட்பது?

தொண்ணூற்று எட்டில் ஒருநாள் சிரில் என்பவர் வீடு தேடி வந்தார். கோலார் தங்கவயல்காரர், இந்த மாதிரி மிஷின்களை ரிப்பேர் பார்த்த ரிடையர்டு என்ஜினியர். அந்தப் பழைய மிஷின் இப்போது ஒரு மியூசியத்தின் ஷெட்டில் கிடக்கிறது, சம்பளம் வாங்காமல் ஏழெட்டுப் பேர் ஞாயிறுதோறும் கூடி அதற்கு உயிர் கொடுக்கப் பார்க்கிறோம் என்றார். லாக் புக்கில் இராஜமாணிக்கத்தின் பெயரைப் பார்த்து, அவர் எழுதிவைத்த நோட்டு ஏதாவது இருக்குமா என்று கேட்க வந்திருந்தார். நோட்டு எதுவும் இல்லை.

"அது பாடுமா சார்?" என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. இந்த ஆளும் சிரித்துவிட்டால்? விழுங்கிக்கொண்டாள்.

"நானும் வரட்டுமா சார்? துடைக்கிற வேலைன்னா நல்லா செய்வேன்."

சும்மா சொல்லவில்லை. கார்மெண்ட்ஸ் கம்பெனியில் பதிமூன்று வருஷமாகச் செக்கிங் செக்ஷனில் இருப்பவள். ஒரு சட்டையில் தப்பிய தையலைக் கண் சிமிட்டும் நேரத்தில் பிடித்துவிடுவாள். மிஷினுக்குள் உள்ளங்கை அகலத்தில் மூவாயிரம் சர்க்யூட் கார்டுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் உருவி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மறுபடி அதே இடத்தில் செருக வேண்டும். மற்றவர்கள் ஒரு ஞாயிறில் முப்பது துடைத்தால் இவள் நூறு துடைத்தாள். அதோடு நிற்காமல், "இந்த ஈயம் விட்டிருக்குது பாருங்க" என்று மயிரிழை விரிசல்களைக் காட்டிக் கொடுத்தாள். அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவனான சாஃப்ட்வேர் கம்பெனிக்கார ரகுராம் அவளைப் பார்த்தாலே எழுந்து நிற்க ஆரம்பித்தான்.

ஒருநாள் சிரில் நினைவகத்தைத் திறந்து பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். மரகதம் எட்டிப் பார்த்தாள். கடுகைவிடச் சின்னக் கறுப்பு வளையங்கள், ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றின் ஓட்டைக்குள்ளும் குறுக்கும் நெடுக்குமாகச் செம்புக் கம்பிகள். இப்படியும் ஒரு மனுஷக் கை கோக்குமா? தெரியாமல் ஊதிவிடுவோமோ என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுலதான் எல்லாம் ஞாபகம் வச்சிருக்கும்மா. காந்தம். கடைசியா எந்தப் பக்கம் திரும்பி நின்னுச்சோ அப்பிடியே நிக்கும். கரண்டே வேணாம்."

"எத்தினி நாளைக்கு சார்?"

"யாராச்சும் அழிக்கிற வரைக்கும்."

அன்றைக்கு பஸ்ஸில் அவள் இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது.

தொண்ணூற்று ஒன்பது ஜூன் மாசத்து ஞாயிறு ஒன்றில், பதினைந்து வருஷத்துக்குப் பிறகு மிஷினுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். முதலில் மின்விசிறிகள் இரைந்தன. பிறகு பலகையில் விளக்குகள் வரிசையாகக் கண் திறந்தன. மரகதம் தன்னையறியாமல் கைகூப்பிவிட்டாள். சிரிலும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். ரகுராம் விளக்குகளைப் பார்த்துப் பார்த்துத் தாளில் எழுத ஆரம்பித்தான். மத்தியானம்வரை எழுதிவிட்டு மண்டையைச் சொறிந்தான்.

"சார், ஒரு புரோகிராம் முழுசா உள்ள இருக்கு. ஆனா அது ஒரு வேலையும் செய்யல. எதையும் படிக்கல, அச்சடிக்கல. சும்மா சுத்துது. கொஞ்சம் வேகமா, அப்புறம் மெதுவா, அப்புறம் இன்னும் வேகமா."

"குப்பையா இருக்கும் ரகு. டெஸ்ட்டை ஓட்டிடலாம், எல்லாம் அழிஞ்சு சுத்தமாயிடும்," என்று சிரில் டெஸ்ட் பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

சும்மா சுத்துது. மரகதத்தின் கையிலிருந்த கார்டு கீழே விழுந்தது.

"சார்! கைய எடுங்க!"

ஷெட்டே திரும்பிப் பார்த்தது. சிரித்தால் சிரிக்கட்டும், இனிமேல் இழக்க என்ன இருக்கிறது?

"அது குப்பை இல்ல சார். ஒரு ரேடியோ கொண்டாங்க."

ரகுராம் விழித்தான். சிரில் நெற்றியில் அறைந்துகொண்டார். "அடக் கடவுளே! மிஷின் சுத்துறப்போ அலை கிளம்புமே, ரேடியோ அதைப் பிடிச்சுக்குமே! இத்தினி வருஷம் ரிப்பேர் பண்ணேன், எனக்குத் தோணலியே!"

வாட்ச்மேன் சில்வெஸ்டரிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. அவர் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். "ஸ்வல்ப இருங்க சார், கடைசி அஞ்சு ஓவர்" என்று கெஞ்சினார். யார் காதில் விழுந்தது? பிடுங்காத குறையாக வாங்கிவந்து மிஷின்மேல் வைத்து, எந்த ஸ்டேஷனும் இல்லாத இடமாகப் பார்த்து முள்ளைத் திருப்பினார்கள். உள்ளே இருந்த அந்தப் புரோகிராமை ஓட்டுகிற பொத்தானைச் சிரில் அழுத்தினார்.

கரகரவென்று இரைச்சல்தான் வந்தது. மரகதம் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய பிறகுதான் கேட்டது.

ச. ரி. க. ம.

ஜலதோஷம் பிடித்த ஆர்மோனியத்தின் குரல். பாட்டு வாத்தியாரிடம் முதல் நாள் படிக்கிற பாடம். 'த' என்கிற ஸ்வரம் மட்டும் கொஞ்சம் சுருதி பிசகியது. மேலே போய்க் கீழே இறங்கி, ஒரு நொடி நின்று, இரண்டாம் காலத்தில் மறுபடியும் குடுகுடுவென்று ஏறி இறங்கியது. எட்டு வருஷத்துக்கு முன்னால் சுடுகாட்டுக்குப் போன மனுஷன் அந்தக் கடுகு வளையங்களில் விட்டுவைத்த பாட்டு, இருட்டில் பதினைந்து வருஷம் ஒரு ஸ்வரம் குறையாமல் காத்திருந்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிய சிரில் அதைத் திரும்ப மாட்டிக்கொள்ள மறந்து நின்றார். ரகுராமுக்கு வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

பாட்டு நின்றது. மரகதம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்து நிமிர்ந்து நின்றாள். கட்டிய நாளிலிருந்து புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இராஜமாணிக்கம் அளக்கல. நெஜத்தத்தான் சொன்னாரு. நான்தான் நம்பாம நாலு பேர் எதிர்ல அவமானப்படுத்திட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் மிஷின் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு வாட்டி போடுங்க சார்."