வாந்திபேதி முகாமில் ஒரு வாய்த் தண்ணீர்

நர்ஸ் வேலையில் ஊசி போடுவது சுலபம். போட விடுங்கள் என்று சொந்தக்காரர்களிடம் கெஞ்சுவதுதான் வேலை. இந்தத் தொழிலில் கால் கடுக்க நின்ற உங்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்? ஐம்பதுகளில், என் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னால், வேப்பனப்பள்ளிப் பக்கம் வாந்திபேதி பரவியது. பள்ளிக்கூடத்தையே முகாமாக்கி எங்களை அனுப்பினார்கள்.

கைக்குப் போகிற தண்ணீர்

முனியப்பா தன் மனைவி பாப்பம்மாவைக் கட்டை வண்டியில் கொண்டுவந்தார். கண் உள்ளே போய், விரல்நுனி சுருங்கி, நாடியே பிடிபடவில்லை. "தண்ணி, தண்ணி" என்று உதடு மட்டும் அசைந்தது. வாந்திபேதிக்காரர்களுக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்பது அங்கே வழக்கம். பாசமில்லாமல் இல்லை, மனிதர் அழுதுகொண்டேதான் மறுத்திருக்கிறார்.

எனக்கு மூத்த நர்ஸ் ஞானம்மா அக்கா. அவர் வாதாடவில்லை. உப்புத் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, கை நரம்பில் ஊசியை ஏற்றினார். முனியப்பா பாட்டிலையே அண்ணாந்து பார்த்துவிட்டு, என்னிடம் நிம்மதியாகச் சொன்னார்: "இது பரவால்லம்மா. கையில ஏத்துனா கைக்குத்தான போவும், வயித்துக்குப் போவாதே!"

பாயின் அண்டா

பாட்டில்கள் தீர்ந்துபோயின. சேலத்திலிருந்து வண்டி வரும்வரை வாய்வழியாகத் தண்ணீர் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் பாப்பம்மா பிழைக்கமாட்டாள். ஞானம்மா அக்கா முனியப்பாவின் விரலை எடுத்து மனைவியின் மணிக்கட்டில் வைத்தார். நாடி துடித்தது. "வந்தப்ப இது இல்ல. தண்ணிதான் கொண்டாந்துச்சு" என்றார். முனியப்பா தலையாட்டினார்.

முகாம் முழுவதற்கும் தண்ணீர் கொதிக்கவைக்க எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கெட்டில். புளி மண்டி பாஷா பாய், கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்கும் அண்டாக்களைக் கொண்டுவந்து இறக்கினார். முனியப்பா பின்வாங்கினார். "கறி ஆக்குன அண்டாவுல காய்ச்சுனது எங்க வூட்டுக்கு ஆவாதே."

பாய் முகம் சுளிக்கவில்லை. கைலியை மடித்துக் கட்டி, கிணற்றடியில் உட்கார்ந்து, புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்தார். பிறகு தேங்காய் நாரை நீட்டினார்: "நான் தேச்சது பத்தலைன்னா நீங்களும் ஒரு கை தேச்சுக்குங்கண்ணா. அப்புறம் அது உங்க வூட்டு அண்டா."

காத்திருந்த சேதி

முனியப்பா தேய்த்தார். அதில் காய்ச்சிய தண்ணீரை ஆறவைத்து, கரண்டி கரண்டியாக அவரே ஊட்டினார். அவள் வாந்தி எடுத்தாள், மறுபடி ஊட்டினார். ஆனால் பாப்பம்மாவுக்குச் சிறுநீர் இறங்கவே இல்லை. இறங்கினால்தான் உயிர் தங்கும் என்று அக்கா சொல்லியிருந்தார். நான் மாமரத்தடியில் முழங்கால் போட்டு ஜெபித்தேன். பாய் கிணற்றடியில் தொழுதார். முனியப்பா மாரியம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே ஊட்டினார்.

மறுநாள் வெயில் ஏறும் நேரம், பாப்பம்மா கண்ணாலேயே என்னைக் கூப்பிட்டாள். பெட்பேன் வைத்தேன். அக்காவிடம் நான் சொல்லி முடிப்பதற்குள் முனியப்பா வாசலுக்கு ஓடி, "பாய்! எங்க பாப்பம்மா ஒண்ணுக்குப் போயிட்டா!" என்று கத்தினார். படுத்துக் கிடந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். பாப்பம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, இல்லாத குரலை இழுத்துவைத்துச் சொன்னாள்: "அப்படியே சந்தையிலயும் போய்ச் சொல்லிட்டு வரச் சொல்லுங்கம்மா, இந்த மனுசன!"

பிற்பாடு என் பிள்ளைகளின் பரீட்சைக்கும் கல்யாணத்துக்கும் எத்தனையோ ஜெபம் செய்திருக்கிறேன். ஆனால் மூன்று மதத்துக்காரர்கள் சேர்ந்து மன்றாடிக் கேட்டு வாங்கியது அந்த ஒரு பெட்பேன் சமாசாரம்தான்.