எங்க வீட்ல எல்லாருக்கும் அப்படித்தான்

பச்சைப் பென்சில் ஒன்றைச் சீவிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "அப்புறம்?" என்று கேட்கிறார் டாக்டர். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் சிறுமி ஒருவழியாகப் பேசத் தொடங்குகிறாள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். பென்சிலைப் பார்த்துக் கேட்டால் மடை திறந்துவிடும். இதற்காகவே மேசைமேல் ஒரு குவளை நிறையக் கலர் பென்சில்கள், எல்லாம் சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்தவை. "இது ஆஸ்பத்திரியா, நர்சரி ஸ்கூலா?" என்று புலம்பியபடி நர்ஸம்மா சீவல்களைப் பெருக்குவார். தீர்ந்தால் புது டப்பா வாங்கி வைப்பவரும் அவர்தான்.

பருவ வயதுப் பெண்களின் உடல் கோளாறுகளைப் பார்ப்பது டாக்டரின் தொழில். பிள்ளைகள் மத்தியில் பென்சில் டாக்டர் என்றால்தான் தெரியும். ஆள் குள்ளம், குரல் கட்டை. அந்தக் குரலில் அவர் வாய்விட்டுச் சிரித்தால் வெளியே காத்திருக்கும் தாய்மார்கள் திடுக்கிட்டு எழுந்து நிற்பார்கள். கேள்வி மகளுக்கு என்றாலும் பதில் அம்மாவிடமிருந்தே வருவதால், அவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்புவது அவர் வழக்கம். "கொஞ்சம் காத்தாட உக்காருங்கம்மா. உங்க பொண்ணு எங்கயும் ஓடிட மாட்டா" என்பார். அவர்களோ கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மூடி மறைத்துப் பேசுகிறவர்களைச் சீண்டாமல் விடமாட்டார். "இவளுக்கு அது ஒழுங்கா வர்றதில்ல டாக்டர்" என்று ஒரு தாய் குரலைத் தாழ்த்தினால், "எதும்மா, பஸ்ஸா?" என்று கேட்பார். அந்தத் தாய் சிரித்த பிறகுதான் வைத்தியம் ஆரம்பமாகும்.

பாதி நாள் அவர் வேலை, இது நோயே இல்லை என்று சொல்லி அனுப்புவதுதான். வயதுக்கு வந்த புதிதில் மாதக்கணக்கு முன்பின்னாகத்தான் இருக்கும் என்பார். மார்பு ஒரு பக்கம் மட்டும் வளர்கிறதே என்று அழுதுகொண்டு வந்தவளிடம், "ரெண்டும் ஒரே ரயில்லதான் வரணுமா? ஒண்ணு முன்னாடி வந்துடுச்சு, இன்னொண்ணு பின்னாடி வருது" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் வலியில் சுருண்டு கிடக்கும் பிள்ளையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் பெரியவர்களைக் கண்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று முழுக்கப் பென்சில் முனைகள் உடைந்துகொண்டே இருக்கும்.

போன மாதம் ஒரு கைப்பந்தாட்டக்காரி வந்தாள். நெட்டையான பெண். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பயிற்சியின்போது இரண்டு தடவை மயங்கி விழுந்ததால், டாக்டர் சரியென்று சொன்னால் ஒழிய இனி ஆடக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அவளுக்கோ ஆட்டம்தான் உயிர். அம்மா வெளியே போனதும் எல்லாவற்றையும் கொட்டினாள். மாதவிடாய் வந்தால் துண்டை விரித்துத்தான் படுப்பாளாம். வகுப்பில் எழுந்து நிற்கவே பயமாம். சோதித்துப் பார்த்த டாக்டர், ரத்தம் குறைந்திருப்பதாகச் சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மகளை அழைத்துப்போக வந்த அம்மா, டாக்டருக்கு ஆறுதல் சொல்வதுபோல, "இதுக்கெல்லாம் பயப்பட வேணாம்னு நானும் சொன்னேன் டாக்டர். எங்க வீட்ல எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார்.

டாக்டருக்குச் சுருக்கென்றது. மாத்திரையோடு அனுப்பிவிட இருந்தோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. எந்தத் தாயை வெளியே உட்கார வைத்தாரோ, அதே தாயை இப்போது கையைப் பிடித்து உட்கார வைத்தார். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. இரண்டு பிரசவத்திலும் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். பல் பிடுங்கினால் மறுநாள் வரை கசியும். அவருடைய தங்கைக்கும் அதே கதை. பிறவியிலேயே ரத்தம் சட்டென்று உறையாத குறை ஒன்று குடும்பத்தில் ஓடுகிறதோ என்று டாக்டர் சந்தேகப்பட்டார். வீட்டில் எல்லாருக்கும் அப்படியே இருந்ததால், அது நோயாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மகளின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது சந்தேகம் உறுதியானது. அந்த நாட்களில் மட்டும் போட ஒரு மாத்திரை, உடம்பு தேறும்வரை இரும்புச்சத்து, பல் பிடுங்கப் போனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற எச்சரிக்கை. அவ்வளவுதான்.

"அப்ப நான் ஆடலாமா?" என்று கேட்டாள் பெண்.

"ரத்தம் ஏறட்டும், தாராளமா ஆடு. உங்கப்பாகிட்ட நானே பேசறேன்."

பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நீங்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர்.

"எனக்கு எதுக்கு டாக்டர் இப்போ? நான்தான் பழகிட்டேனே."

டாக்டர் எழுந்து வந்து, கைப்பையை அவரிடமிருந்து வாங்கி மகளின் மடியில் வைத்துவிட்டு, அந்த அம்மாவின் ரவிக்கைக் கையைத் தாமே மடித்துவிட ஆரம்பித்தார்.