குடத்தைத் தானே எடுத்துக்கொண்ட நடுவர்

கேன்டீன் டீயை ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் கொஞ்ச நேரம் நிறுத்தி, பிறகுதான் விழுங்குகிறார் சந்திரம்மாள். "பத்துக்கு அஞ்சரை. பால் கம்மி, சக்கரை ஜாஸ்தி. நேத்து ஆறு குடுத்தேன், அதுக்குள்ள உனக்குத் தலைக்கனம் வந்துடுச்சி" என்கிறார். டீ போட்டவர் சிரித்துக்கொண்டே அடுத்த டம்ளரை ஆற்றுகிறார். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கும் இந்த அம்மாளிடம் மார்க் வாங்காத மனிதரும் கிடையாது, பண்டமும் கிடையாது.

பவுர்ணமியன்று கிரிவலப் பாதையில் அன்னதான வரிசையில் நின்று தொன்னையில் சாம்பார் சாதம் வாங்குவார். சாப்பிட்டு முடித்து, கொடுத்தவரிடமே போய், "பத்துக்கு நாலு" என்று சொல்லிவிட்டு நடப்பார். சும்மா சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்கிறீர்களே என்று யாராவது முறைத்தால், "புண்ணியத்துக்குத் தனி மார்க்கு, உப்புக்குத் தனி மார்க்கு" என்பார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரம் செய்யும் கணவர் சின்னசாமியும் தப்பவில்லை. "கல்யாணத்தன்னைக்கு ஆறு குடுத்தேன். இப்ப ஏழே கால் வரைக்கும் வந்துட்டாரு. நான் ரிட்டயர் ஆவறதுக்குள்ள எட்டு வாங்கிடுவாரு" என்று அவரை வைத்துக்கொண்டே சொல்வார். சின்னசாமி அதைக் கேட்டு வெட்கப்படுவதைப் பார்த்தால், எட்டு மீது அவருக்கு ஆசை இருப்பது தெரியும்.

சந்திரம்மாளிடம் ஒரு பழுப்பு நிற ரெக்சின் கைப்பை உண்டு. பஸ்ஸில் ஏறினால் அவருக்கு ஒரு இடம், கைப்பைக்கு ஒரு இடம். எவ்வளவு கூட்டமானாலும் தானாக அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள மாட்டார். "கேட்டா எடுப்பேன். வாயத் தொறந்து கேக்கத் தெரியாதவங்களுக்கு நான் ஏன் எடம் உடணும்?" இந்தப் பைக்காக அவர் கண்டக்டர்களோடு போட்ட சண்டைகளைத் தனியாக எழுதலாம்.

இந்த மார்க் பைத்தியம்தான் அவரைச் சொந்த ஊரான அடி அண்ணாமலையில் நடுவர் பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தது. காணும் பொங்கலன்று அங்கே இளைஞர் மன்றம் பெண் வேடப் போட்டி நடத்தும். உறியடிப் போட்டிக்கும் கோலப் போட்டிக்கும் சேராத கூட்டம் இதற்குச் சேரும். ஆண்கள் புடவை கட்டி மேடையில் நடப்பார்கள். யாருக்கு விசில் அதிகமோ அவருக்கு எவர்சில்வர் குடம். அந்த விசிலுக்கு ஆசைப்பட்டு அவர்கள் செய்த கூத்தையெல்லாம் பத்திரிகையில் எழுத முடியாது. ரவிக்கைக்குள் கொட்டாங்கச்சி, மூக்குவரை உதட்டுச் சாயம், ஒடிந்தே போய்விடுமோ என்று பயப்படும்படி இடுப்பு. கடைசியில் ஜெயித்தவர் தன் டோப்பா முடியைக் கழற்றி உயரத் தூக்கிக் காட்ட வேண்டும். நான் ஆம்பிளைதான் என்று ஊருக்கு நிரூபிக்கும் சடங்கு அது. கூச்சல் அப்போதுதான் உச்சத்துக்குப் போகும்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், கூப்பிட்டிருந்த சிறப்பு விருந்தினர் வரவில்லை. மன்றச் செயலாளர் ராமதாஸ் வேன் ஓட்டுகிறவர். கையில் மைக் கிடைத்தால் லேசில் யாருக்கும் கொடுக்க மாட்டார். முன்வரிசையில் இருந்த சந்திரம்மாளை, "கவர்மென்ட் உத்தியோகத்துல இருக்கற நம்ம அக்கா" என்று மைக்கிலேயே அழைத்து, மேடையில் ஏற்றிவிட்டார். எல்லாரும் ஆடி முடித்ததும் அக்கா தீர்ப்புச் சொன்னார்.

"எல்லாருக்கும் பத்துக்கு ரெண்டு. குடத்த உள்ள வச்சிப் பூட்டுங்க."

"இன்னாக்கா இப்படிச் சொல்றீங்க? ஜனம் எப்படிச் சிரிச்சாங்க, பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன். ஆம்பளைங்க பக்கம் சிரிச்சாங்க. பொம்பளைங்க பக்கம் எவ சிரிச்சா? எந்தப் பொம்பள இந்தத் தெருவுல இப்படி நடக்கறா? ஒருத்தியக் காட்டு, பத்தும் குடுக்கறேன்."

திடலின் நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் எழுந்தது. கைதட்டல் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்பது ராமதாஸின் குணம். அடுத்த பொங்கலுக்கு அவரே வீடு தேடி வந்து, "ரூல்ஸ நீங்களே போட்டுக் குடுங்கக்கா" என்றார்.

சந்திரம்மாள் போட்ட விதியில் மேடையே கிடையாது. பேர் கொடுத்தவர்கள் யாராவது ஒருவர் வீட்டில் வேடம் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் வந்து பெண்களோடு பெண்களாகப் பாயில் உட்கார வேண்டும். ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு முழுசாக ஓடும். அதுவரை நடுவர் திரும்பி நிற்பார். பாட்டு முடிந்ததும் வரிசை வரிசையாக நடந்து, ஆண் என்று தெரிகிறவரின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்புவார். கடைசிவரை பிடிபடாதவர் எழுந்து, பழையபடி டோப்பாவைக் கழற்றிக் காட்டினால் குடம். பிடிபட்டவர்களுக்குத் தண்டனை மாதிரி ஒரு பந்தயம்: தெருக்குழாயிலிருந்து இடுப்பில் நிறைகுடத்தோடு நடந்து வரவேண்டும், தளும்பாமல் வந்தவருக்குத் தாம்பாளம். ஒருமுறை ராஜமாணிக்கம் என்ற விவசாயி, நெல் மூட்டையை அநாயாசமாகத் தூக்குகிறவர், பாதி வழியில் கொசுவம் அவிழ்ந்து குடத்தோடு உட்கார்ந்துவிட்டார். "இத்தக் கட்டிக்கினு பஸ்ஸுல வேற ஏர்றாங்களே!" என்று மூச்சு வாங்க அவர் சொன்னதற்குப் பெண்கள் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஊர்ப் பெண்கள் எல்லாரும் வேடக்காரர்களுக்கே உடந்தை. பூ வைத்து விடுவார்கள், மடியில் குழந்தையைக் கிடத்துவார்கள், முந்தானையால் மறைப்பார்கள். அப்படியும் சந்திரம்மாள் பிடித்துவிடுவார். எப்படி என்று கேட்டால் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்.

"மூஞ்சியப் பாக்கவே மாட்டேன். பவுடரு யார் வேணா பூசலாம். குந்தறத பாப்பேன். ஆம்பள குந்தினா எடத்தப் புடிச்சிக்குவான். பொம்பள குந்தினா பக்கத்துல வர்றவளுக்கு எடம் உடுவா."

இதைச் சொல்லும்போதும் பக்கத்து நாற்காலியில் அவருடைய கைப்பை ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். அதை அவருக்கு எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது.

இந்தச் சூத்திரம் ஒருமுறை காலை வாரிவிட்டது. கீழ்பென்னாத்தூரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த பச்சையம்மாள் நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. உட்கார்ந்தால் இரண்டு பேர் இடம் வேண்டும். சந்திரம்மாள் நேராகப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து, "ஏந்திரிடா ராசா" என்றார். "யாரப் பாத்துடி டாங்கற? நாலு புள்ள பெத்தவடி நானு!" என்று பச்சையம்மாள் போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கி தோற்றது. ஊரே உருண்டு சிரித்தது. சந்திரம்மாள் மைக்கை வாங்கி, "இன்னைக்கு எனக்குப் பத்துக்கு மூணு" என்று தனக்கே மார்க் போட்டுக்கொண்டு, பெண்கள் பக்கம் முழுக்க ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதம். பச்சையம்மாள் பொங்கல் தவறாமல் வருகிறார், வந்து பெரிய இடமாகப் பிடித்து உட்காருகிறார்.

இரண்டாயிரத்து நாலில்தான் சந்திரம்மாளுக்குக் கெட்ட பேர் வந்தது.

அந்த வருஷம் ஏழு பேர் பேர் கொடுத்திருந்தார்கள். பாட்டு முடிந்தது. சந்திரம்மாள் ஆறு பேரைச் சுலபமாக எழுப்பிவிட்டார். ஏழாவது ஆள் அகப்படவில்லை. வரிசைகளுக்குள் மறுபடி மறுபடி நடந்தார். பச்சையம்மாளை ஒட்டி, பச்சைப் புடவை கட்டிய பெண் ஒருத்தி அவருடைய பேரக்குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தாமதமாக வந்த ஒருத்திக்காகப் பாயின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டாள். சந்திரம்மாள் அவளைத் தாண்டிப் போய்விட்டார். கடைசியில் கையை விரித்தார்.

ராமதாஸுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம அக்காவையே ஏமாத்திட்டாம்பா! வேங்கிக்கால் பாலாஜி! எங்க கீற? ஏந்திரிச்சி வா, வந்து டோப்பாவக் கழட்டு!" என்று மைக்கில் கத்தினார். யாரும் எழவில்லை. ஆண்கள் பக்கத்தில் விசில் பறந்தது. "டோப்பா! டோப்பா!" என்று தாளம் போட ஆரம்பித்தார்கள்.

வேங்கிக்கால் பாலாஜி என்ற பேர் சந்திரம்மாளைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் பிள்ளை. அதிகம் பேசமாட்டான். வெயிலோ மழையோ, தலையில் ஒரு தொப்பி. அவன் எடுத்துத் தரும் நகலுக்கு அவர் வழக்கமாகப் போடுவது எட்டு மார்க். தாளின் ஓரத்தில் மைக்கறை படிந்த விரல் பதிந்திருக்கும், அதற்காக இரண்டு குறைப்பார்.

குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டிருந்தது. நகக்கண்ணில் கறுப்பாக அந்த மை. சந்திரம்மாள் அவள் பின்கழுத்தைப் பார்த்தார். எண்ணெய் வைத்து வாரிய பின்னல், பிடரியில் பூனை முடி. கழற்றிக் காட்ட அங்கே டோப்பா எதுவும் இல்லை. வருஷம் முழுக்கத் தொப்பிக்குள் மறைத்து வளர்த்த சொந்த முடி. வேஷம் கட்டியிருந்தது கடையில்தான், இங்கே இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தப் பெண் எழுந்தால் குடம் கிடைக்கும். ஆனால் ஊர் முன்னால் ஆண் என்று நிரூபிக்க வேண்டும். அவள் நிமிர்ந்து சந்திரம்மாளைப் பார்த்தாள். எழுப்பிவிடாதீர்கள் என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

ராமதாஸ் பொறுமை இழந்து, தானே தேடப்போவதாகக் கயிற்றைத் தாண்டிக் காலை வைத்தார். பச்சையம்மாள் எழுந்து குறுக்கே நின்றார். "ஆம்பளைங்களுக்கு இந்தப் பக்கம் இன்னா வேல? ஒரு தபா என்னை எழுப்பினது போதாதா? இங்க எவளும் ஏந்திரிக்க மாட்டா, போய்யா!"

அந்த இடைவெளியில் சந்திரம்மாள் மைக்கைப் பிடுங்கிவிட்டார்.

"நான் சொல்றத கேளுங்க. இங்க வேஷம் கட்டி வந்த ஆம்பளைங்க ஆறு பேரு. ஆறு பேரையும் புடிச்சிட்டேன். போட்டி முடிஞ்சிது."

"ஏழு பேரு பேரு குடுத்தாங்கக்கா!"

"பேரு குடுத்தவங்க ஏழு. நான் பாத்த ஆம்பள ஆறு. இங்க நடுவரு நீயா, நானா?"

"அப்ப குடம் யாருக்கு?"

இதை அவர் யோசித்திருக்கவில்லை. மேசையிலிருந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "எல்லாரையும் புடிச்சது நான்தானே? எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார். ஆண்கள் பக்கத்துக் கூச்சல் முழுக்க அவர் பின்னாலேயே போயிற்று. பச்சைப் புடவை மீது ஒருவர் பார்வையும் விழவில்லை.

பரிசை நடுவரே தூக்கிக்கொண்டு போன கதை ஊரெல்லாம் பரவியது. இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது குத்திக்காட்டினால், "எடுத்தேன். அதுக்கு இன்னா இப்ப?" என்பதோடு சரி. மார்க்கைப் பற்றி அவ்வளவு கறாரான மனுஷி, தன் பேருக்கு விழுந்த முட்டையைப் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

பொங்கல் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, குடத்தை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். வேறு யாரும் இல்லை. தொப்பி போட்டிருந்த தலை நிமிரவே இல்லை.

"அன்னைக்குக் குடத்துக்காகவா வந்த?"

"இல்லம்மா. அவங்க நடுவுல சும்மா குந்தலாம்னுதான் வந்தேன். வருஷத்துல அன்னைக்கு ஒரு நாளுதான் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

சந்திரம்மாள் துணிப்பையை மேசைமேல் வைத்தார். "உன் பேரு இன்னா?" என்று கேட்டார். நகல் எடுக்கும் இயந்திரத்தின் சத்தத்துக்குள் பதில் மெதுவாக வந்தது.

"தென்றல்."

டீக்கும் சாம்பாருக்கும் மார்க் போடுகிறவருக்கு அந்தப் பேருக்கு மார்க் போடத் தோன்றவில்லை. குடத்தை நீட்டினார். தென்றல் வாங்கவில்லை. "வீட்டுல கேப்பாங்கம்மா. நீங்களே வச்சிக்குங்க." குடம் திரும்பி வந்து, இன்றும் சின்னசாமிக்குக் குடிதண்ணீர் தருகிறது. கிளம்பும்போது சந்திரம்மாள் ஒன்று மட்டும் சொன்னார்: "அடுத்த பொங்கலுக்கு வா. பேரு குடுக்க வேணாம். சும்மா வா."

அதே வாரம் ராமதாஸிடமும் போனார். இனி டோப்பா கழற்றுவது கிடையாது, அது இருந்தால் நடுவராக வரமாட்டேன் என்றார். ராமதாஸ் முனகினார். ஆனால் சந்திரம்மாள் வராவிட்டால் பெண்கள் பக்கம் காலியாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சடங்கு அத்தோடு நின்றது. அதனால் கூட்டம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அடுத்த காணும் பொங்கலும் வந்தது. பாய்கள் நிறைந்திருந்தன. பச்சையம்மாள் வழக்கம்போல் பெரிய இடமாகப் பிடித்திருந்தார். நடுவர் பெஞ்சில் சந்திரம்மாளும் பக்கத்தில் கைப்பையும். பாட்டுப் போட ராமதாஸ் கையைத் தூக்கிய நேரத்தில், திடலின் ஓரத்தில் தென்றல் வந்து நின்றாள். தொப்பி இல்லை. சாதாரண நூல் புடவை, ஒற்றைப் பின்னல். கயிற்றுக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கயிறு கட்டிய கம்பத்தையே பிடித்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் பக்கம் இரண்டு மூன்று தலைகள் திரும்பின.

"அக்கா, திரும்பி நில்லுங்க, பாட்டு போடணும்" என்றார் ராமதாஸ்.

"இரு" என்றார் சந்திரம்மாள். யாரும் கேட்காமலே பக்கத்திலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.